மூன்று பேருக்குக் கூடாரம்

நான் புளுகுவதில் பேர் போனவன். யானையை மிதிவண்டியின் பின்னால் உட்கார வைத்து ஊர் சுற்றியதாகச் சொல்லி, நாலு பேரை நம்பவும் வைத்திருக்கிறேன். ஆனால் இது நடந்தது. நான் கட்டிய கதையாக இருந்தால் இப்படி முடித்திருக்க மாட்டேன்.

எங்கள் ஒரே பிள்ளை மலைநடைக்குப் போய்த் திரும்பாமல் இரண்டு வருடம். எட்டு நாள் பாதை. நாலாம் நாள் முகாமுக்கு மேலே கால் வழுக்கிவிட்டது, ஒரே நொடி, வலியே தெரிந்திருக்காது என்று கூடப் போன நண்பர்களில் ஒருவன், நெட்டையன், சொன்னான். அந்த இடத்தை ஒருமுறையாவது பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள் என் மனைவி. எனக்கு அறுபத்தாறு, அவளுக்கு அறுபத்திரண்டு. சரி, நடப்போம் என்றேன்.

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தோம். முதுகில் சுமக்கப்போகும் ஒவ்வொன்றையும் அவள் சமையலறைத் தராசில் எடை போட்டாள். டூத்பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்தாள்.

"ஏம்மா, அதுல எத்தனை கிராம் மிச்சமாகப் போகுது?"

"உங்க தொப்பையை அறுக்க முடியலை. முடிஞ்சதை அறுக்கிறேன்."

மலையடிவாரத்து வழிகாட்டி ஒருவர் மாலை ஆறுக்கு மேல்தான் போனில் கிடைப்பார். பிள்ளை விஷயத்தை அவரிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. சொன்னால் இந்த வயதில் கூட்டிப்போகத் தயங்குவார்.

முதல் நாள், 6.10. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டு வரைபடத்தின் மேல் வைத்தேன். எங்கே எவ்வளவு ஏற்றம், எந்த முகாமில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி மூச்சைப் பழக்க வேண்டும், எல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப மூணு பேருக்குக் கூடாரம் எடுத்துக்கிறேன், ஐயா."

"ரெண்டு பேர்தாங்க."

"ஓ… சரிங்க."

இரண்டாம் நாள், 6.12. பேச்சின் நடுவே நிறுத்தினார்.

"அந்தத் தம்பிக்கு இருமல் விடலையா? நேத்தும் இருமினாரே. வறட்டு இருமலோட மேல ஏறக் கூடாதுங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். டிவி ஓடவில்லை. சன்னல் சாத்தியிருந்தது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

லைனில் ஏதோ கோளாறு என்றேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள், 6.10. எடுத்ததுமே அவர் குரல் மாறிவிட்டது.

"ஐயா… இருமல் ஈரமாயிடுச்சு. நெஞ்சுக்குள்ள தண்ணி கொதிக்கிற மாதிரி சத்தம். கீழ இறக்குங்க. இப்பவே கீழ இறக்குங்க!"

நாங்கள் இருந்தது தரைத்தளம். அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

எங்கள் இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும்… டக்… டக்…

"எந்தப் பக்கம் கேக்குதுங்க?" என்றாள் அவள்.

"போனுக்கு ரொம்பக் கிட்டம்மா. உங்க பக்கத்துலதான்."

அவள் பக்கத்தில் பிள்ளையின் நாற்காலி.

காலி.

அவள் கையை நீட்டினாள். முதுகு இருக்க வேண்டிய இடத்தில் காற்றைத் தடவினாள். மேலிருந்து கீழே. மெதுவாக.

"ஆங்… கொஞ்சம் அடங்குது."

தடவினாள்.

"அடங்குது…"

தடவினாள்.

6.41.

"நின்னுடுச்சும்மா. தூங்கிட்டார் போல."

அவள் கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை நெட்டையன் வீட்டுக்குப் போனேன். "அவன் இருமினானா?" இதை மட்டும் கேட்டேன். அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வழுக்கலை, அங்கிள். மூணு நாளா இருமினான். கீழ போயிடலாம்டான்னு கெஞ்சினான். நாங்கதான், இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்புறதான்னு…"

"எப்போ முடிஞ்சுது?"

"சாயங்காலம். ஏழு ஆகலை."

"ஏதாவது சொன்னானா?"



"கடைசி அரை மணி நேரம் துண்டை வாயில அடைச்சுக்கிட்டு இருமினான், அங்கிள். பிடுங்கினா விடலை. அங்க எந்தப் போனுக்கும் சிக்னலே கிடையாது. 'சத்தம் போடாதீங்கடா… அப்பா போன்ல பேசிட்டிருக்கார். என் இருமல் கேட்டா அம்மா பயந்துடுவா'ன்னான்."