முப்பத்தேழாம் பக்கத்து வட்டம்

வடக்கே பனி நாட்டு ஊரான வோல்டாவில் பல் வலியோடு மருத்துவரிடம் போகிறவர்களுக்கு வேதனை இரண்டு. ஒன்று பல். இன்னொன்று வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஹல்டிஸ். கன்னம் வீங்கி வருகிறவரிடம் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு எழுதிக்கொண்ட கையோடு, "கடைசியா என்ன படிச்சே?" என்பாள். பாவம், வாயைத் திறக்க முடிந்தால் அவர் ஏன் அங்கே வருகிறார்! பதில் வராது. அதனால் அவளே ஆரம்பித்துவிடுவாள்.

"இப்போ வர்ற துப்பறியும் நாவல்ல ஒரு போலீஸ்காரனாவது வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கறானா சொல்லு பார்ப்போம். எல்லாரும் குடிகாரன். எல்லாருக்கும் பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. ஃப்ரிட்ஜைத் திறந்தா காய்ஞ்சுபோன ஒரு எலுமிச்சம்பழம். இவன் எங்கேயிருந்து கொலைகாரனைப் பிடிக்கப் போறான்? முதல்ல போய் நாலு உருளைக்கிழங்கு வாங்கிட்டு வரட்டும்!"

படிப்பாளி என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. பன்னிரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் ஆண்டுக்கு எண்பது நாவல் படிப்பாள், எல்லாம் கொலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியை வைத்துக்கொண்டு, படித்ததைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் எழுதுவாள். பாதி நாவல், பாதி வீட்டு நடப்பு. கொலைகாரனுக்கு ஓர் இரட்டைப் பிறவி கடைசியில் வந்து நிற்கிற கதையைத் திட்டிக்கொண்டே போய், பனி வழிக்கிற வண்டிக்காரன் மறுபடியும் தன் தபால் பெட்டியைப் புதைத்துவிட்டான் என்று முடிப்பாள். வாசகர்கள் நாற்பத்தோரு பேர். "நாற்பத்தோரு பேர் போதும், அதுக்கு மேல வந்தா காப்பி போட்டு மாளாது" என்பது அவள் பேச்சு.

கணவன் ஓட்வார் முப்பத்தாறு வருஷம் பேருந்து ஓட்டியவன். போன இலையுதிர் காலத்தில்தான் ஓய்வு பெற்றான். மனைவியின் நாவல்களைக் கிண்டல் செய்வதை ஓட்டுநர் உரிமம்போல விடாமல் புதுப்பித்துக்கொண்டு வந்தவன். "நடக்காத கொலைக்கு எதுக்கு இப்படி மாய்ஞ்சு மாய்ஞ்சு கண்டுபிடிக்கறே? போன வாரம் தொலைஞ்ச என் கையுறையைக் கண்டுபிடி பார்ப்போம்" என்பான்.

எண்பது நாவல் படிக்கிறவளுக்கு எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று குழம்பாதா? குழம்பும். எல்லா அட்டையிலும் ஒரே பனி, ஒரே சிவப்பு வீடு. அதற்கு அந்த ஊர்க்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நூலகப் புத்தகத்தைப் படித்து முடித்ததும், தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு பக்கத்தில் பென்சிலால் சின்ன அடையாளம் போட்டுவிடுவார்கள். பழைய கப்பல் மாலுமி ஒருவர் ஐம்பதாம் பக்கத்தில் நங்கூரம் வரைவார். பாதிரியாரின் மனைவி பதினோராம் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பாள். ஹல்டிஸுடையது முப்பத்தேழாம் பக்கம். பக்க எண்ணைச் சுற்றி ஒரு வட்டம், இடது பக்கம் கொஞ்சம் மூடாமல். நூலகத்தில் எடுக்கும்போதே அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். வட்டம் இருந்தால் புத்தகம் திரும்ப அலமாரிக்குப் போய்விடும். நூலகர் போர்கில்ட் எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல இருப்பாள். அழிக்க ஆரம்பித்தால் அவள் ஆயுசு போதாது.

பிப்ரவரி நடுவில், வேலை முடிந்து நாலரை மணிக்கு ஹல்டிஸ் நூலகத்துக்குப் போனாள். புது வரவு அலமாரியில் ஒரு நாவல். ஜனவரி கடைசியில்தான் வெளிவந்தது. ஆசையாக எடுத்து முப்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினாள். வட்டம் இருந்தது. இடது பக்கம் மூடாத வட்டம்.

இது எப்போது? புத்தகம் வந்தே மூன்று வாரம் ஆகவில்லை. அட்டையைப் பார்த்தாள், பின்பக்கம் படித்தாள். ஒரு வரிகூட நினைவில் இல்லை. வேலைக் களைப்பு என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மார்ச் முதல் வாரத்தில் இன்னொரு புது நாவல். அதிலும் வட்டம். அவள் நின்ற இடத்திலேயே தன் வயதைக் கணக்குப் பார்த்தாள்.

ஏனென்றால் அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அறுபத்து நாலு வயதில், வந்த கடிதத்தையே மறுநாள் புதிதாகப் பிரித்துப் படித்துச் சிரித்தாள் அம்மா. அப்புறம் ஒன்பது வருஷம். கடைசியில் ஹல்டிஸை யாரோ செவிலி என்று நினைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். ஹல்டிஸுக்கு இப்போது அறுபத்திரண்டு.

அவள் நூலகத்தில் மெதுவாக விசாரித்தாள். "போர்கில்ட், இந்த வருஷம் நான் என்னென்ன எடுத்தேன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

"எப்படிச் சொல்றது? பழைய பட்டியலை வெச்சுக்க வேண்டாம், நான் என்ன படிக்கறேன்னு எவனுக்கும் தெரியக் கூடாதுன்னு நீதானே குதிச்சே. நீ திருப்பிக் குடுத்ததும் அது அழிஞ்சிடும்."

"சரி, இந்தப் புத்தகத்தை யார் யார் எடுத்தாங்க?"

"அதைச் சொன்னேன்னா நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஒருத்தி உக்காந்திருப்பா. என்ன ஹல்டிஸ், நாவல் படிச்சுப் படிச்சு நீயும் விசாரணையில இறங்கிட்டியா?"

சிரித்துச் சமாளித்தாள். மூன்றாவது வட்டத்தைக் கண்டபோது சிரிப்பும் வரவில்லை. அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். படித்திருந்தால் எங்காவது ஒரு வரியாவது தட்டுப்படாதா என்று முந்நூற்றுத் தொண்ணூறு பக்கத்தையும் சல்லடை போட்டுப் படித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கொலைகாரன் ஒரு நாய்க்கு விஷம் வைத்தான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இதைக்கூட மறந்திருந்தால், தனக்குள் இனி என்னதான் மிஞ்சியிருக்கும்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதன்பின் எல்லாமே அறிகுறியாகத் தெரிந்தது. சூப்பில் உப்பு போட்டோமா, அடுப்பை அணைத்தோமா, பல் பிடுங்க வந்தவரின் பெயரைச் சரியாக எழுதினோமா என்று மூன்று முறை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் எழுதுவது நின்றது. மருத்துவரிடம் நாள் குறித்துக்கொண்டாள்; ஈஸ்டர் கழித்துத்தான் கிடைத்தது. ஓட்வாரிடம் கண் பரிசோதனை என்றாள். அம்மாவின் கடைசி வருஷங்களில் பேருந்து வேலை முடிந்து நேராகப் போய் மாமியாருக்குக் கரண்டியால் சூப் ஊட்டியவன் அவன். அதே கதையை அவன் தலையில் இன்னொரு முறை கட்டுவதா?

ஓட்வாரோ பொழுது விடிந்தால் படகுக் கொட்டகைக்குப் போனான். படகுக்குச் சாயம் அடிக்கிறானாம். ஏழு வாரமாக அடிக்கிறான், சட்டையில் ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. நூறாவது பக்கத்துக்குள் கொலைகாரனைப் பிடிக்கிற மகராசி இதைக் கவனித்தாளோ? இல்லை.

ஈஸ்டர் வந்தது. ஈஸ்டர் வந்தால் அந்த நாடே கொலை படிக்கக் கிளம்பிவிடும். பால் அட்டைப்பெட்டியில்கூட ஒரு குட்டிக் கொலைப் புதிர் அச்சாகி வரும். சறுக்குக் கட்டைகள், ஆரஞ்சுப் பழம், சாக்லேட் பிஸ்கட், ஆளுக்கு இரண்டு நாவல் என்று கட்டிக்கொண்டு மலைக் குடிலுக்குப் போவார்கள். ஹல்டிஸ் அந்த வருஷம் புத்தகமே எடுத்து வைக்கவில்லை. ஓட்வார் அதைப் பார்த்துவிட்டுத் தன் பையைக் கட்டினான்.

பெரிய வியாழன் அன்று நல்ல வெயில். குடிலின் தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, மான் தோலை விரித்துப் பனிமேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹல்டிஸ் ஆரஞ்சை உரித்துக் கையிலேயே வைத்திருந்தாள். ஓட்வார் தன் பையில் துழாவி ஒரு புது நாவலை எடுத்து அவள் மடியில் போட்டான்.

"சும்மா உக்காந்திருக்காதே. இதைப் படி. நாய்க்கு ஒண்ணும் ஆகாது."

ஹல்டிஸ் அட்டையைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"என்ன சொன்னே?"

"படின்னேன்."

"அதுக்கு அப்புறம்."

ஓட்வார் மலையைப் பார்க்க ஆரம்பித்தான். "வெயில் நல்லா இருக்குன்னேன்."

"வெயிலும் இல்ல, மழையும் இல்ல. நாய்க்கு ஒண்ணும் ஆகாதுன்னே. உனக்கு எப்படித் தெரியும்? ஓட்வார், என் முகத்தைப் பாரு. நீ இதைப் படிச்சியா?"

முப்பது வருஷமாகக் கிண்டல் செய்தவன் காது நுனிவரை சிவந்தான். "கொஞ்சம்... முழுசா."

"எங்கே? எப்போ?"

"படகுக் கொட்டகையில. நூலகம் பத்து மணிக்குத் திறக்கும், நீ நாலரைக்குத்தான் வருவே." இனி மறைத்துப் பயனில்லை என்று பட்டதும், பேருந்து இறக்கத்தில் வருவதுபோல வந்தது பேச்சு. "ஜனவரியில நாய் சாகற கதையைப் படிச்சிட்டு எழுதினியே, நான் வாசிச்சேன். அந்த நாற்பத்தோரு பேர்ல நானும் ஒருத்தன். மூணு ராத்திரி நீ தூங்கலே. நம்ம நாய் பால்டர் செத்தப்போ எப்படி இருந்தியோ அப்படி இருந்தே. அதான், புதுசா எது வந்தாலும் நான் முதல்ல எடுத்துப் பார்த்துடறேன். நாய் சாகற புத்தகமா இருந்தா..."

"இருந்தா?"

"உன் வட்டத்தைப் போட்டு வெச்சிடுவேன். படிச்சாச்சுன்னு நினைச்சு நீ அலமாரியிலேயே வெச்சிடுவே."

ஹல்டிஸின் கையிலிருந்த ஆரஞ்சு பனியில் உருண்டது.

"மூணு புத்தகத்துல?"

"மூணுலதான். இந்த வருஷம் எழுத்தாளனுங்களுக்கு நாய்மேல என்ன கோபமோ."

"அடப் பாவி!" அவள் கையுறையால் அவன் தோளில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். "வாயைத் திறந்து சொன்னா என்ன? இதுல நாய் சாகுது, எடுக்காதேன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சிடுமா?"

"சொன்னா நான் படிக்கறது தெரிஞ்சிடுமே!"

"படிச்சதே ஞாபகம் இல்லையேன்னு நான் என்ன நினைப்பேன்னு யோசிச்சியா?"

"வருஷத்துக்கு எண்பது படிக்கறே. யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்று சிரிக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. "ஹல்டிஸ்? என்ன ஆச்சு?"

"எனக்கு அம்மாவோடது வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். வட்டம், விசாரணை, குளியலறை, கண் பரிசோதனை என்று சொன்ன பொய். சொல்லி முடித்தபோது ஓட்வார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"ஏழு வாரமா?"

"ஏழு வாரம்."

"என்கிட்ட சொல்லாம?"

"உனக்கு ரெண்டாவது தடவை வேண்டாம்னுதான். அம்மாவுக்குச் செஞ்சதே போதும்."

ஓட்வாருக்குக் கோபம் வந்தது. அவனுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் குரல் தணிந்துவிடும். "வேண்டாம்னு சொல்ல நீ யாரு? நீ என் பேரை மறந்தாலும் சூப் ஊட்டறவன் நான்தான். அதுல உனக்கு ஒரு பேச்சும் கிடையாது." சொல்லிவிட்டுக் கை முஷ்டியால் கண்ணைத் துடைத்தான். "வட்டம் போட்டவனும் நான்தான். மன்னிச்சிடு. முட்டாள்தனம்."

"முட்டாள்தனம்தான்" என்றாள் ஹல்டிஸ். அழுகை நடுவிலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அவளுக்கு அது தலையையும் தலைப்பாகையையும் தொடாமலே போயிருந்தது. நாய்க்காக ஒரு மனிதன் படகுக் கொட்டகையில் குளிரில் உட்கார்ந்து ஏழு வாரம் கொலை படித்திருக்கிறான்! அதை நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. விலா வலிக்கச் சிரித்தாள். மூச்சு அடிவயிறுவரை இறங்கி வந்தது. இத்தனை நாள் அது தொண்டையோடு திரும்பிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பிறகு பசித்தது. ரொட்டியும் சீஸும் தின்றாள், அவன் பங்குச் சாக்லேட்டையும் தின்றாள். நாவலைப் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே போலீஸ்காரன் குடித்துவிட்டுத் தரையில் கிடந்தான்.

"ஆரம்பிச்சுட்டான்யா!" என்றாள். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. மடியைத் தடவினாள், மேல்சட்டைப் பையைத் தடவினாள், மான் தோலைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன தேடறே?" என்றான் ஓட்வார்.

"கண்ணாடி. எங்க வெச்சேன்னு மறந்துட்டேன்!"

மலைக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். ஏழு வாரமாக வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டிருந்த சொல் அது. இன்னொரு முறையும் சொன்னாள்.