ஒரு லீக், இரண்டு நேர்த்தி

என் மகள் ஐஸ்லாந்தில் உதைபந்தாட்டம் விளையாடுகிறாள் என்று சொன்னால், இங்கே கனடாவில், ஸ்காபரோவில், எங்கள் சனம் முதலில் கேட்பது, "அங்கை மனிசர் இருக்கினமோ?" என்பதுதான். அடுத்த கேள்வி, "அப்ப கலியாணம்?" இரண்டுக்கும் பதில் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது.

அவள் கோல் வாசலில் நிற்கிற பந்துக்காப்பாளர். அமெரிக்காவில் விளையாட்டுப் புலமைப்பரிசிலில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வந்தாள். வந்த கையோடு வங்கியில் வேலையும் சரிவந்தது. அதை உதறிவிட்டு, ஸ்காபரோவை விடச் சனம் குறைந்த ஒரு நாட்டின் முதற்தரப் பெண்கள் லீக்கில், ஏதோ ஒரு மீன்பிடித் துறைமுகத்துக் கழகத்தோடு ஒப்பந்தம் போட்டாள். "குளிருக்குள்ளை இருந்து குளிருக்குப் போறதுக்கோ உன்னைப் பெத்தனான்?" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே கையுறைகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கோபத்தை மூட்டியது.

தகப்பனுக்கோ தலைகால் தெரியாத புளுகம். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிற மனிதர், அங்கே பெட்டி ஏற்றுகிற ஆட்களுக்கெல்லாம் அந்த லீக்கைப் பற்றி வகுப்பெடுத்தார். எனக்கும் எடுத்தார். பத்து அணிகள். கடைசியில் நிற்கிற இரண்டும் அடுத்த வருடம் இரண்டாந்தரத்துக்கு இறங்க வேண்டும். இறங்கினால் மகளுடைய ஒப்பந்தம் அதோடு சரி. அணி நின்றுபிடித்தால் இன்னும் இரண்டு வருடம் நீட்டுவார்கள்.

அவர் சொன்னதில் எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது: தோற்றால் பிள்ளை வீட்டுக்கு வரும்.

நான் மோர்னிங்சைட் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓடுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பின்னேரம்வரை நேரம் என்னுடையது. அவளை விமானம் ஏற்றிய மறுநாள், அந்த இடைவெளியில் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். "அப்பனே, இந்த ஒரு வருசத்தோடை பிள்ளையைக் கொண்டுவந்து வீட்டிலை சேர். நூற்றெட்டுத் தேங்காய் அடிக்கிறன்" என்று நேர்ந்தேன். வீட்டில் மூச்சும் விடவில்லை.

சனிக்கிழமைகளில் எங்களுக்குக் காலை பத்து மணி என்றால் அங்கே பின்னேரம் இரண்டு. கணவர் கழகத்தின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மடிக்கணினியை ரிவியில் கொழுவுவார். கமராவை ஒரு கம்பத்தின் உச்சியில் வைத்திருப்பார்கள். காற்றடித்தால் மைதானமே ஆடும். மைதானத்துக்குப் பின்னால் மரமில்லாத ஒரு கறுத்த மலை. கோல் வாசலில் மஞ்சள் சட்டையோடு சின்னதாக ஓர் உருவம், அதுதான் எங்கள் பிள்ளை. நான் சமையலறையில் வெங்காயம் வெட்டுகிற சாட்டில் நின்று பார்ப்பேன்.

முதல் மூன்று ஆட்டத்திலும் தோற்றார்கள். பிள்ளையார் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். பொய் சொல்லி என்ன, சந்தோசப்பட்டேன்தான்.

யூனில் ஒரு சனிக்கிழமை ஆறு கோல் வாங்கினாள். ஆறாவதில் பந்து அவளுடைய இரண்டு கைகளுக்கும் இடையால் நழுவிப் போனது. சின்னப்பிள்ளையும் பிடிக்கக்கூடிய பந்து. அவள் வலைக்குள் முழங்காலில் இருந்து, பந்தைத் தானே எடுத்து நடுக்கோட்டுப் பக்கம் எறிந்தாள். ஒருத்தியும் கிட்ட வரவில்லை. வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தேன். அந்தப் பந்தை நான்தான் உள்ளே தள்ளினேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று பின்னேரம் போன் எடுத்தாள்.

"அம்மா, பந்து கையிலை நிக்குதில்லை. ஐ டோன்ற் நோ வை. என்ரை கை என்ரை கை மாதிரியே இல்லை."

பதினொரு வயதில் முன்பல் உடைந்தபோதும் அழாத பிள்ளை, விக்கி விக்கி அழுதாள். "சாப்பிட்டியோ?" என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே கோயிலுக்குப் போய்க் குருக்களைப் பிடித்தேன்.

"ஐயா, நேர்ந்ததைத் திருப்பி எடுக்கலாமோ?"

அவர் மாலையில் வாடிய பூவைக் கிள்ளி எறிந்துகொண்டு சொன்னார். "கேட்டதைக் கேக்கேல்லை எண்டு சொல்லேலாது அம்மா. அவர் தந்தால் நீங்கள் செய்யவேணும். அவ்வளவுதான்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு தாய் ஆத்திரத்தில் சொன்னதை இவ்வளவு கச்சிதமாகவா பிடித்து வைப்பது? பிள்ளையாரைத் திரும்பியும் பாராமல் காரை எடுத்தேன். நகரத்தின் மற்றப் பக்கத்தில் இருக்கிற முருகன் கோயிலில் போய் நின்றேன். "உன்ரை அண்ணரிட்டை ஒண்டு கேட்டுப்போட்டன். நீதான் மறிக்கவேணும். அந்த ரீம் இறங்கக் கூடாது. கந்தசஷ்டி ஆறு நாளும் வெறும் பாலோடை விரதம் இருக்கிறன்" என்றேன். தமையனிடம் கேட்டதைத் தம்பியை விட்டு மறிக்கலாம் என்று எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு யோசனை வரும்? திரும்பி வரும்போது பெரிய கெட்டித்தனம் செய்ததுபோல ஒரு நினைப்பு.

ஆவணியில் ஒரு வெற்றி. பிறகு ஒரு சமநிலை. பிறகு திரும்பவும் தோல்வி. புள்ளி அட்டவணையைக் கணவர் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருந்தார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண் அங்கேதான் போகும். பஸ்ஸில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதும் இரண்டு கோயிலும் மனதுக்குள் வந்துவிடும். ஒருநாள் வழக்கமான ஒரு தரிப்பில் நிற்க மறந்துவிட்டேன். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

கடைசி ஆட்டம். சமநிலை போதும், தோற்றால் இறங்க வேண்டும். அன்று நான் சமையலறையில் நிற்கவில்லை. கதிரையைக் கொண்டுவந்து ரிவிக்கு முன்னால் போட்டேன். கணவர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிடம் இருக்க, எங்கள் அணிப் பெண்ணொருத்தி எதிரணிக்காரியைக் கால் தடக்கி விழுத்தியதில் அவர்களுக்குப் பெனல்ரி. "என்னாலை பாக்கேலாதப்பா" என்று கணவர் எழும்பிச் சமையலறைக்குள் போய்விட்டார். பருவம் முழுக்கக் கூத்தாடிய மனிதர் கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தனியே இருந்தேன். இவள் விட்டால் அடுத்த கிழமை வீட்டில். பிடித்தால் இன்னும் இரண்டு வருடம், அந்தக் கறுத்த மலைக்குக் கீழே. எட்டு மாதத்துக்கு முன் நான் பிள்ளையாரிடம் கேட்டது ஒரே ஓர் உதை தூரத்தில் இருந்தது.

"பிடியடி!" என்று கத்தினேன். அயலுக்கும் கேட்டிருக்கும்.

வலப்பக்கம் பாய்ந்தாள். பந்து கையில் பட்டு, கோல் கம்பத்தில் மோதித் திரும்பி வந்தது. எதிரணிக்காரி ஓடிவந்து உதைய, இவள் நிலத்தில் கிடந்தபடியே கையை நீட்டினாள். பந்தும் சப்பாத்தும் ஒன்றாக அந்தக் கையில் விழுந்தன. பந்து வெளியே போனது. எல்லாப் பெண்களும் அவள்மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். எழும்பியபோது இடது கையால் வலது மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஆட்களை மாற்றுகிற வாய்ப்பெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. மிச்ச நிமிடங்களையும் அப்படியே நின்று முடித்தாள்.

விசில் ஊதியதும் கணவர் ஓடிவந்து என்னைத் தூக்கப் பார்த்தார். "விடுங்கோ, அவளின்ரை கையைப் பாருங்கோ" என்றேன்.

இரண்டு இடத்தில் உடைவு. ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்கு நீட்டிவிட்டார்கள். சத்திரசிகிச்சை முடிந்ததும், கை சுகமாகும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பினார்கள். விமானநிலையக் கதவால் பிளாஸ்ரர் போட்ட கையோடு அவள் வந்தாள். தம்பி அணியைக் காப்பாற்றிவிட்டார். தமையன் பிள்ளையை வீட்டில் சேர்த்துவிட்டார். கேட்டதில் ஒன்றையும் குறைக்கவில்லை.

கந்தசஷ்டி ஆறு நாளும் பாலோடு இருந்தேன். அது முடிந்த சனிக்கிழமை மூன்று சாக்குத் தேங்காயோடு பிள்ளையார் கோயிலுக்குப் போனோம்.

"ஏனம்மா இவ்வளவு?" என்று மகள் கேட்டாள். கோயிலின் பின்பக்கம், கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், தேங்காய் அடிக்கிற சீமெந்துத் தொட்டிக்கு முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் சாக்கைக் கீழே வைத்தார்.

"உமக்கென்ன விசரோ?" என்றார்.

மகள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"அப்ப அந்த ஆறு கோலும் நீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"இல்லையம்மா. அது நான் விட்ட கோல். அந்தப் பெனல்ரியும் நான் பிடிச்சது. பிள்ளையாருக்கும் குடுக்கமாட்டன், உங்களுக்கும் குடுக்கமாட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தேங்காய் அடித்தேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. கடைசித் தேங்காயை அவள் இடது கையில் எடுத்தாள்.

"நானும் ஒண்டு நேரட்டோ? ஏப்ரலுக்கு முதல் கை..."

"ஒண்டும் நேராதை!" என்று பாய்ந்தேன். "சும்மா அடி."

சிரித்துக்கொண்டு எறிந்தாள். பழக்கமில்லாத கை. தேங்காய் தொட்டி விளிம்பில் பட்டு, உடையாமல் உருண்டு எங்கள் காருக்குக் கீழே போய்விட்டது. தானே போய்க் குனிந்து எடுத்து வந்து, திரும்பவும் எறிந்தாள். சிதறியது.

ஏப்ரலில் போகிறாள். ரிக்கெட் எடுத்தாயிற்று. இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன். கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு வருகிறேன். வாயைத் திறப்பதில்லை.