டாக்டர் சிதம்பரமும் இட்டிலிக்கடைப் பூனையும்

பாவூர்சத்திரத்திலிருந்து கத்தரிக்காய் மூட்டையோடு வந்த வண்டிக்காரர், மாட்டை அவிழ்த்தபடியே, "நம்ம மாட்டு டாக்டர் தவறிப் போயிட்டாருல்லா, கம்பவுண்டரே" என்று என்னிடம் சொன்னார். கால்நடை டாக்டர் சிதம்பரம் கைபட்டுப் பிழைத்த மாடுகளைப் பற்றி நீங்களே பேசுவீர்கள். அவர் வெட்கப்பட்டு நின்ற ஒரு நாளை, கூட நின்றவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

குற்றாலத்தில் இட்டிலிக்கடை நடத்திய செல்லம்மாள், ஒரு சாரல் காலத்தில், தன் பூனையைக் கூடையில் வைத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தாள். "காலையிலேர்ந்து சுருண்டு கெடக்கு. மருமவ எலி மருந்து வச்சிருக்கா. இது தின்னுட்டுன்னு நெனைக்கேன்" என்றாள். விஷம் தின்ற நாய்களை வாந்தியெடுக்க வைக்கும் ஊசி ஒன்று எங்களிடம் இருந்தது. பல நாய்கள் அதனால் பிழைத்திருந்தன. டாக்டர் அதையே அளவைக் குறைத்துப் பூனைக்குப் போட்டார்.

பூனை வாந்தியெடுக்கவில்லை. கண்மணி விரிந்து, எச்சில் ஒழுக, சுவரில் தாவித் தாவி விழுந்தது. பிடிக்கப் போன செல்லம்மாளையே கீறியது. பிறகு வலிப்பு வந்து உயிர் அடங்கிவிட்டது. அவள் அழுதுகொண்டே போனாள்.

டாக்டர் அதன் வயிற்றை அறுத்துப் பார்த்தார். மீனும் சோறும்தான் இருந்தன. எலி மருந்தின் பூண்டு நாற்றமே இல்லை. "விஷம் இல்ல வே. சாதாரணக் காய்ச்சலா இருந்திருக்கும். என் ஊசிதான் கொன்னுட்டு" என்றார். சற்றுப் பொறுத்து, "விஷம்னே இருந்துட்டுப் போவட்டும். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

மறுநாள் காலையில் அவரே, "வாரும், குத்தாலம் போவோம்" என்று கூப்பிட்டார்.

கடைவாசலில் மருமகள் துணிமூட்டையோடு நின்றிருந்தாள். "எம் பூனையக் கொன்னவ எனக்கு வேண்டாம். பொறந்த வீட்டுக்கே போட்டும்" என்று உள்ளிருந்து செல்லம்மாள் கத்திக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். "ஆச்சி, இந்தப் பிள்ள மேல தப்பு இல்ல. பூனை விஷமே திங்கல. நாய்க்குப் போடுத ஊசிய நான் அதுக்குப் போட்டுட்டேன். நேத்தே எனக்குத் தெரியும். வெக்கப்பட்டுக்கிட்டு மறைக்கப் பாத்தேன்."

செல்லம்மாள் வாசலுக்கு வந்தாள். "ஏட்டி, உள்ள வா" என்று மருமகளைக் கூப்பிட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நேத்தே சொல்லியிருந்தா இவ விடிய விடிய அழுதிருக்க மாட்டாளே, ஐயா" என்றாள்.

அவர் தலை நிமிரவில்லை. அதன்பின் யார் பூனையைக் கொண்டுவந்தாலும், "நாய் வைத்தியம் பூனைக்கு ஆவாது. எனக்குத் தெரிஞ்ச மட்டும் பாக்கேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்.

இப்போது மருந்து கலக்கும்போது எனக்கு நிச்சயமில்லை என்றால், எதிரே நிற்பவரிடம் அதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது முகம் கூசத்தான் செய்கிறது. அந்தக் கூச்சத்தை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.