சேருக்குச் சமைத்த ஆமை

கடலாமைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசிய கடற்றொழில் அதிகாரி, அன்று பகலே எங்கள் வீட்டில் ஆமைக்கறி சாப்பிட்டார். அப்போது நான் நாலாம் வகுப்பு.

மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அதிகாரியை ஊரில் எல்லாரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சேர் நன்றாகத்தான் பேசினார். வலையில் மாட்டிய ஆமை மூச்சுவிட மேலே வரமுடியாமல் செத்துப்போகும் என்றார். நான் கீறிய ஆமைப் படத்தை உயர்த்திக் காட்டி எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

அன்று நேரத்தோடு பள்ளி விட்டதும் அந்தப் புளுகத்தில் துள்ளிக்கொண்டு கரைக்கு ஓடினேன். அங்கே மாமா, அம்மாவின் தம்பி, தன் புது வலையை அறுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பெரிய ஆமை, உயிரோடு. நைலோன் நூல் இறுகி அதன் கால் வீங்கியிருந்தது. நான் வாளியில் தண்ணீர் அள்ளி அதன் முதுகில் ஊற்றினேன்.

அப்போதுதான் மீனவர் சங்கத் தலைவர் வந்தார்.

"டேய், உடாத. சேருக்கு உன்ட அக்காட வீட்டதான் பகல் சாப்பாடு."

"பாவம் அண்ணன். சட்டப்படியும் பிழைதானே?"

"சட்டமும் சேர்ட கையில. நீ கடலுக்குப் போற போட் பெமிற்றும் சேர்ட கையில."

மாமா கத்தியை மணலில் எறிந்துவிட்டுப் போய்விட்டார். தலைவரோடு வந்தவர்கள் ஆமையைப் புரட்டிப் போட்டார்கள்.

சாப்பாட்டு நேரம் அம்மா சேருக்கு ஆமைக்கறி பரிமாறினார். தலைவரும் சங்கத்துக்காரரும் சுற்றி நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "சேர், அது ஆமை!" என்று கத்தினேன்.

அவர் சிரித்தார். "தெரியும் மகள்" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் கறிக்காகச் சோற்றுக் கோப்பையை அம்மாவிடம் நீட்டினார்.

அந்தப் பருவம் முழுக்க வெளியூர்ப் பெரிய படகுகள் இழுவை வலை போட்டுக் கடலடியை வழித்துக்கொண்டு போயின. செத்த ஆமைகள் அடிக்கடி கரை ஒதுங்கின. அந்தப் படகுகளை யாரும் மறிக்கவில்லை. ஆனால் கரையில் ஆமை ஓடு கிடக்கிறது என்று யாரோ முறையிட, ஜீப் எங்கள் வாசலுக்கு வந்தது. இறங்கியவர் அதே சேர். எங்கள் வாசலில் காய்ந்துகொண்டிருந்த மாமாவின் வலையை விரித்து, அறுந்திருந்த இடத்தைக் காட்டி, "இதுக்குள்ளதானே ஆமையப் பிடிச்ச?" என்றார். ஆமையை விடுவிக்க மாமா அறுத்த இடம் அது. ஊர் பார்த்துக்கொண்டு நிற்க, "ஓம் சேர்" என்றார் மாமா. வலையை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் கை அதைப் பொத்திவிட்டது.

"சேர்தானே திண்டவர்! ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?" என்று பிறகு அம்மாவிடம் அழுதுகொண்டே கேட்டேன்.

"சொன்னா ஆர் நம்புவாங்க?"

"நான் பாத்தன்!"

"நீ மட்டுமா புள்ள பாத்த?" என்றார் அம்மா.

அதைப் பதில் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேர் பார்த்திருக்கிறார்களே, யாராவது ஒருவர் நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு தூங்கப் போனேன்.