பச்சை லைட் எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை

ஞாயிற்றுக்கிழமையில் யாராவது இன்டர்வியூ வைப்பார்களா?

வைக்கிறார்கள். என் மகள் ஜெனிபருக்குப் போன ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வைத்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனி. நேரில் போக வேண்டாமாம். வீட்டிலேயே லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் போதுமாம். முதலில் டெஸ்ட், அப்புறம் கேள்வி. போனில் செய்யக் கூடாது, கட்டாயம் லேப்டாப்தான் என்று மெயிலில் எழுதியிருந்தார்கள்.

மெயிலைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம். எனக்குக் கவலை. எங்கள் வீட்டு லேப்டாப்பின் நிலவரம் எனக்குத்தானே தெரியும்?

அவள் கல்லூரியில் சேர்ந்தபோது செகண்ட்ஹேண்டில் வாங்கியது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜரை உருவினால் அந்த நொடியே திரை கறுத்துவிடும். சார்ஜர் பின்னுக்கோ... ஒரு தனிக் கோணம் உண்டு. சொருகி, லேசாக இடப்பக்கம் திருப்பி, ஒயரை மேலே வளைத்து, அடியில் ஒரு தீப்பெட்டியை முட்டுக்கொடுத்தால் ஏறும். பக்கத்தில் நின்று தும்மினால் போய்விடும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சார்ஜர் இருக்கும்தானே? புதுசு வாங்க மாட்டோம். அதுதான் கோணத்தைக் கண்டுபிடித்துவிட்டோமே!

காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று அந்தத் தீப்பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஒழுங்காக இருக்கிற பொருளைத் தொட்டுப் பார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. கேஸை மூடிவிட்டோமா என்று சந்தேகம் வந்தால், திறந்து மூடிப் பார்க்கிற ஆள் நான்.

பின்னுக்குச் சற்றுக் கீழே ஒயர் அறுந்து கையோடு வந்துவிட்டது.

"அப்பா... என்னப்பா பண்ணி வச்சிருக்க?"

ஜெனிபர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"இவருக்குக் கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதுடி" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினேன். போன் கடைகள் திறந்திருந்தன. லேப்டாப் சாமான் விற்கிற கடைகள் எல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. பக்கத்து வீட்டு டீச்சரிடம் கெஞ்சி அவர் சார்ஜரை வாங்கி வந்தால், அதன் முனை பெரிசு. நுழையவே இல்லை.

அப்போதுதான் குஜிலியம்பாறையிலிருந்து மைத்துனன் அந்தோணி வந்து சேர்ந்தான். ஸ்டெல்லாவின் தம்பி. தோட்டத்து மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது அவன் தொழில். கறிச்சோற்றுக்கு வந்தவன்.

"என்ன மச்சான், எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சொன்னேன். ஒயரை வாங்கிப் பார்த்துச் சிரித்தான்.

"பத்து எச்பி மோட்டாரே நம்ம கையில ஓடுது. இந்தப் பூனைவாலு ஓடாதா? பிளேடு எடுத்தாங்க."

பின்னோடு கொஞ்சம் ஒயர் மிச்சமிருந்தது. கறுப்பு ரப்பரை இரண்டு பக்கமும் சீவினான். உள்ளே நடுவில் வெள்ளை உறை போட்ட ஒரே ஒரு ஒயர். அதைச் சுற்றி உறையே இல்லாமல் மெல்லிய செம்புக் கம்பிகள், கூந்தல் மாதிரி.

"இது என்ன மாப்ள?"

"இதுவா? எர்த்து."

"அப்ப அதையும் சேக்கணும்ல?"

"மச்சான், ஒங்க மிக்ஸி பிளக்குல எர்த்துப் பின்னு இருக்கா?"

போய்ப் பார்த்தேன். இல்லை. பழைய சுவிட்ச் போர்டில் நுழையவில்லை என்று நாங்கள்தான் ஒடித்திருக்கிறோம்.

"மிக்ஸி ஓடுதா?"

"ஓடுது."

"அம்புட்டுத்தான்."

நம் பக்கத்தில் எர்த்துக்கு இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியாததா? உறையில்லாத கம்பி என்றால் அது எர்த்து. எர்த்து என்றால் தேவையில்லை. தோட்டத்து மோட்டாரிலிருந்து அயர்ன் பாக்ஸ் வரை இந்தச் சட்டத்தில்தான் ஓடுகிறது. எனக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கரண்ட் விஷயத்தில் என்ன வாதம் பண்ணுவது? டேப்பை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தோணி வெள்ளை ஒயரை முறுக்கிச் சேர்த்தான். செம்புக் கம்பிகளை மடக்கி, டேப்பைச் சுற்றினான். பிளக்கைச் சொருகினான். நடுவில் இருக்கிற கறுப்புப் பெட்டியில் பச்சை லைட் பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா!"

லேப்டாப் பட்டனை அமுக்கினாள் ஜெனிபர். ம்ஹூம். மறுபடியும் அமுக்கினாள். ம்ஹூம்.

"லைட்டு எரியுதுல்ல?"

"எரியுது மாமா."

"அப்பக் கரண்டு வருதுல்ல?"

"வருது மாமா."

"அப்ப ஏறணும்ல?"

"ஏறலையே மாமா..."

மூன்று பேரும் அந்தப் பச்சை லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். எரிகிறது. ஆனால் ஏறவில்லை. இதில் எது பொய்? லைட்டா, லேப்டாப்பா?

"லேப்டாப்பே போயிருக்கும் போல மச்சான்" என்றான் அந்தோணி, மெதுவாக.

ஜெனிபர் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி தாண்டியிருந்தது. கல்லூரி முடித்த பிறகு அவளைக் கூப்பிட்ட முதல் கம்பெனி இது. மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தீப்பெட்டியைப் பார்த்தேன்.

கரண்டியோடு வெளியே வந்தாள் ஸ்டெல்லா. "ஏன்டா, கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஒரு ஒயர மட்டும் சேத்தா எரியுமா?"

"அதுல ரெண்டு ஒயரு அக்கா. இதுல ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணுதான் இருக்குன்னு யாரு சொன்னா? இன்னொண்ண நீதான மடக்கிக் கட்டி வச்சிருக்க?"

"அது எர்த்து அக்கா!"

"அதுக்குப் பேரு வச்சது யாரு, நீதான?"

அந்தோணி பிளக்கைப் பிடுங்கி, டேப்பைப் பிரித்தான்.

வெள்ளை ஒயர் மேல் டேப்பைச் சுற்றிவிட்டு, செம்புக் கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்தான். சொருகினான். இந்தமுறை பச்சை லைட்டே அணைந்துவிட்டது.

முன்பு லைட்டாவது எரிந்தது! ஜெனிபர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தோணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பிடுங்கிப் பிரித்தான். ஜெனிபர்தான் போன் வெளிச்சத்தில் கண்டுபிடித்தாள். முடி போல ஒரு செம்பு இழை டேப்புக்கு அடியில் நுழைந்து நடு ஒயரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை நறுக்கி, புது டேப் சுற்றி, செத்த நேரம் விட்டுச் சொருகினோம்.

லைட் வந்தது. லேப்டாப்பும் வந்தது.

இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பார்க்க ஒரே மாதிரி செம்புக் கம்பி. மிக்ஸியில் அது இல்லாமல் ஓடுகிறது, இங்கே அது இல்லாமல் ஓடமாட்டேன் என்கிறது. அந்தோணியைக் கேட்டால், "அது வேற கரண்டு மச்சான்" என்கிறான். என்ன வேற?

சரி, சார்ஜ் ஏறுகிறது. நிம்மதியாகக் கறிச்சோறு சாப்பிட்டிருக்கலாம் அல்லவா? முடியவில்லை. அந்த ஒட்டு நடுவில் விட்டுப்போனால்? யாருக்கும் சொல்லாமல் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். ஒட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, வெளிய வாப்பா!"

"நீ ஒன் வேலையப் பாரு. நான் மூச்சே விட மாட்டேன்."

மூன்று மணி. ஒரு பெண் குரல் இங்கிலீஷில் பேசியது. எனக்கு 'ரூம்', 'கேமரா' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் பிடிபட்டன. மேலே ஜெனிபரின் கால்கள் அப்படியே விறைத்தன. லேப்டாப்பைத் தூக்கி அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்கிறார்களாம். யாரும் கூட இருந்து சொல்லிக் கொடுக்கவில்லை என்று பார்ப்பதற்காம்.

மெதுவாகத் தூக்கினாள். நானும் ஒயரோடு சேர்ந்து நகர்ந்தேன். சுவர், ஜன்னல், மாதா படம்... கடைசியில் மேஜைக்கு அடியில் நான்.

"மை ஃபாதர். ஹி இஸ்... ஹோல்டிங் த சார்ஜர்."

அந்தப் பெண் குரல் தமிழுக்கு மாறியது. "சார், நீங்க வெளிய போகணும். டெஸ்ட் நடக்கறப்ப யாரும் உள்ள இருக்கக் கூடாது."

"விட்டா ஆஃப் ஆயிரும்மா!"

"இருந்தா டெஸ்ட் கேன்சல் ஆயிடும் சார்."

பிடித்திருந்தாலும் போச்சு, விட்டாலும் போச்சு. ஜெனிபரைப் பார்த்தேன்.

"விடுப்பா" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. திரை அப்படியே எரிந்தது. அவசரத்தில் தலையை மேஜையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"உள்ள ஒயரு அறுந்து கெடந்ததுனாலதான் மச்சான் முன்னாடி அந்தக் கோணமெல்லாம். இப்பத்தான் முறுக்கிச் சேத்தாச்சே, எதுக்குப் புடிக்கணும்?" என்றான் அந்தோணி, எலும்பைக் கடித்துக்கொண்டே.

என் விரல்கள் இரண்டும் இன்னும் ஒட்டியே இருந்தன. இத்தனை வயதில், நான் பிடித்திருப்பதால்தான் நிற்கிறது என்று இன்னும் எத்தனை விஷயங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறேனோ... யோசித்தால் பயமாக இருக்கிறது.

ஜெனிபர் டெஸ்டில் தேறிவிட்டாள். புதுச் சார்ஜரும் வாங்கியாயிற்று. இரண்டாவது ரவுண்டு வருகிற வியாழக்கிழமை.

அன்றைக்கு எனக்குச் சின்னாளப்பட்டியில் ஏதோ அவசர வேலை இருக்கிறதாம். ஸ்டெல்லாதான் சொன்னாள்.