துண்டால் முக்காடு போட்டவன்

நான் பொய்ச் சத்தியம் செய்தவன். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, பெருமாள் படத்துக்கு முன்னால், பத்துப் பேர் பார்க்க, அறிந்தே பொய் சொன்னேன். அந்தப் பொய் என் கூடப்பிறந்தவளின் வாழ்வைத் தின்றுவிட்டது. இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என் முகம் அறியாதவர்கள். அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

சிம்மக்கல்லில் மிளகாய், மஞ்சள் மொத்தக் கடை வைத்திருக்கிறேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் குரல் கணீரென்று இருக்கும் என்று எங்கள் தெரு பஜனை மடத்தில் என்னைப் புராணம் வாசிக்கச் சொன்னார்கள். வருஷத்தில் நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் ஒரு வேளைச் சோறு, தரையில் படுக்கை, மனைவியோடு பேச்சுக்கூட எட்ட நின்றுதான். கண்ணும் சுத்தமாயிருக்க வேண்டும் என்பது கட்டு.

புராணத்தில் சில இடங்கள் உண்டு. முனிவர் ஒருவரின் தவத்தைக் கலைக்கத் தேவலோகத்துப் பெண் இறங்கி வருவாள். அவள் நடை, இடை, ஈரத் தலை... பெண்டுபிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற சபையில் அதை எப்படி வாசிப்பது? மூன்று தாளை ஒன்றாகப் புரட்டி, "அவ்விதமாக முனிவரின் தவம் கலைந்தது" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவேன். அரிசிக்கடை வேலுச்சாமி அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார். "ஆயிரம் வருஷத் தவத்தை ஒரே மூச்சுல கலைச்சுப்புட்டியேப்பா. அவளுக்கே அம்புட்டு சீக்கிரம் முடியலையே" என்பார்.

சபையில் தாண்டினேன். வீட்டில் தாண்டவில்லை! எத்தனை முறை வாசித்தேன் என்று கேட்காதீர்கள். அந்த மூன்று தாளின் ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துவிட்டது.

என் விரல் மட்டும்தானா? அதைப் பிறகுதான் யோசித்தேன்.

என் தங்கை பேச்சியம்மாள் என் வீட்டில்தான் இருந்தாள். கல்யாணமான இரண்டாம் வருஷம் காலராவில் மாப்பிள்ளை போய்விட்டார். இருபத்து மூன்று வயதில் வெள்ளைச் சேலை. நான் உரக்க வாசித்துப் பழகும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளும் எழுத்துக் கற்றுக்கொண்டாள். அடுக்களை, மாட்டுக்கொட்டில், மிளகாய்க் காம்பு கிள்ளுவது... அவளுக்கு வேறு என்ன குறை என்று நினைத்திருந்தேன். சோறு போடுகிறோம், துணி எடுக்கிறோம். மனுஷப் பிறவிக்கு வயிற்றில் மட்டுமா பசி?

பேசும் படம் வந்த புதிது அது. அந்த முனிவர் கதையையே படமாக எடுத்து எங்கள் ஊருக்கும் கொண்டு வந்தார்கள். சாமி படம் என்று எல்லாரும் குடும்பத்தோடு போனோம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனவர்கள் உண்டு, நானும் விட்டேன். பெருமாள் வந்தபோது கும்பிட்டேன். பிறகு அவள் வந்தாள்.

நான் தாண்டிய மூன்று தாளும் திரையில் ஆடின ஐயா! புரட்டிவிட முடியவில்லை. கும்பிட்ட கை அப்படியே நெஞ்சில் நின்றுவிட்டது. எழுத்தில் படித்தபோது என் மனத்தில் மட்டும் இருந்தவள், அத்தனை பேருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தாள்...

மறு வாரம் தனியே போனேன். அதற்கடுத்த வாரமும். கடையில் கூட்டம் இராத பகல் ஆட்டம். "அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன். அப்போது புராண நாற்பது நாள் தொடங்கியிருந்தது. விரதத்தில் இருந்தேன்! துண்டால் தலையை மூடி முக்காடு போட்டுக்கொண்டு, தரையில் ஓரமாக உட்காருவேன்.

மூன்றாவது தடவை போனது ஒரு சனிக்கிழமை. படச்சுருள் மாற்றுவதற்காக விளக்குப் போட்டார்கள். முகத்தை மறைக்கத் திரும்பினேன். பெண்கள் பக்கத்தைப் பிரிக்கிற இடுப்பு உயரத் தட்டிக்கு அந்தப் புறம், வெள்ளைச் சேலையில், என் தங்கை.

தனியாக இருந்தாள். வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குப் போட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவள் முகம்... நாலு நாள் பட்டினி கிடந்தவள் அடுத்த வீட்டுச் சோற்று வாசனையை நுகர்கிற முகம். எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. இருட்டில் என் முகமும் இப்படித்தானே இருந்திருக்கும்?

அதன்பின் நான் படம் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். யாரோடும் அவள் பேசவில்லை, யாரும் அவளிடம் வரவில்லை. இதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி நான். ஆட்டம் முடிந்ததும் அவள் வெளியே போனாள். நான் முந்திப் போய் அவள் வீட்டில் இல்லாதது வெளிப்பட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பில், முக்காட்டோடு பத்தடி பின்னால் நானும் நடந்தேன்.

இரண்டு நாள் கழித்து மடத்தில் விளக்கேற்றுவதற்கு முன்பு பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். வேலுச்சாமி அண்ணனின் சம்சாரம் அன்று படம் பார்க்க வந்திருக்கிறாள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒந்தங்கச்சி பகல் ஆட்டத்துக்கு வந்திருக்குப்பா. தனியா வரலை. துண்டால முக்காடு போட்ட ஆளு ஒருத்தன் பின்னாலேயே போயிருக்கான். யாருன்னு தெரியாம நீ புராணத்துல உக்காரக் கூடாது."

அந்த ஆள் நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. நான்தான் கூட்டிப்போனேன் என்று சொல்லியிருந்தால்கூட அவள் தப்பித்திருப்பாள். விரதம் கெட்டவன் என்று என்னைப் புத்தகத்தைத் தொட விட்டிருக்க மாட்டார்கள். தெருவில் நாலு பேர் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான்! அவ்வளவுதானே!

கற்பூரத்தை ஏற்றினார்கள். அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது என்று சொல்லி அணைத்தேன்.

பேச்சியை வரச்சொல்லி வாசற்படியில் நிறுத்திக் கேட்டார்கள். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "தனியாத்தான் போனேன். என்கூட யாரும் வரலை" என்றாள். எத்தனை விதமாகக் கேட்டபோதும் அதே பேச்சுத்தான். அந்த ஒரு பார்வையில் என்ன இருந்தது? கொட்டகையில் அவள் என்னைக் கண்டிருந்தாளா? கண்டும் காட்டிக்கொடுக்கவில்லையா? அல்லது அண்ணன் காப்பாற்றுவான் என்று மட்டும் பார்த்தாளா? இன்றுவரை தூக்கத்திலும் அதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன்...

மறுநாளே அவளை அவனியாபுரத்தில் மாமியார் வீட்டுக்கு வண்டியேற்றினோம். அதே மாலை நான் மடத்தில் உட்கார்ந்து கணீரென்று வாசித்தேன். அந்த இடம் வந்தது. மூன்று தாளைப் புரட்டினேன். அன்றைக்கு வேலுச்சாமி அண்ணன் சிரிக்கவில்லை.

சில வேளை எனக்கு நானே வக்கீலாவேன். தேவர்களுக்கே அடங்காத ஆசை, எழுதினவர்கள் எழுதினார்கள், படம் எடுத்தவர்கள் எடுத்தார்கள், மிளகாய் விற்கிறவன் எம்மாத்திரம் என்பேன். பொய் வாதம். ஆசைப்பட்டதையா நான் ஒப்புக்கொள்கிறேன்? என்னிடம் இருந்த அதே ஆசை அவளிடமும் இருந்ததைக் கண்டு, அதற்கான தண்டனையை அவள் ஒருத்தி தலையில் வைத்தேனே... முனிவர்கூட எழுந்துபோய் மறுபடி தவம் செய்தார். பழியைத் தங்கை மேல் போட்டதாக எந்த ஏட்டிலும் இல்லை.

பொங்கலுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோகிறேன். அரிசி, வெல்லம், ஒரு வெள்ளைச் சேலை. மாமியார்க்காரி அவளை வாசல் தாண்ட விடுவதில்லை. நெல் குத்திக் குத்திக் கை காய்த்துவிட்டது. முன்நெற்றியில் நரை. நான் போனால் மோர் தருவாள், பிள்ளைகளை விசாரிப்பாள், பழையதைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டாள்.

போன பொங்கலுக்கு, மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்டுகளும் இருக்கிறபோதே, மோர்ச் செம்பை என் கையில் கொடுத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏண்ணே, இப்பக் கொட்டகையில என்ன படம் ஓடுது?"

மாமியாரின் உலக்கை நின்றது.

"எனக்கெங்காத்தா தெரியும்? நான் அங்கெல்லாம் எங்க போறேன்" என்றேன்.

"ஆமா, நீ எங்க போற" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் போயிருந்தேன்.