கோட்டுக் கையில் ரெண்டு வரி

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் குன்னத்துகாலில் இறங்கி ரத்னபாயின் தையல் கடை எது என்று கேட்டால், நீங்கள் எந்த மொழியில் கேட்டீர்களோ அந்த மொழியிலேயே பதில் வரும். அந்தப் பக்கம் அப்படித்தான். ரத்னபாய் தமிழ்ப் பள்ளியில் பத்து வரை படித்தவள். அவள் கடையில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் ஓட்டும் லேகா மலையாளத்தில் படித்தவள். நாள் முழுக்க இருவரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். எந்தச் சொல் எந்த மொழி என்று இருவரும் யோசித்ததே இல்லை. யோசித்திருந்தால் எனக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

ரத்னபாய்க்கு நாற்பத்தாறு வயது. புருஷன் ராபின்சன் ஆட்டோ ஓட்டுகிறார். "எனக்குத் தெரியாத துணியை இனிமே நெய்தாத்தான் உண்டு" என்று சொல்கிற வாய் அவளுக்கு. தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவள் வெட்டிய கழுத்து ஒருநாளும் தொங்கியதில்லை, அவள் வைத்த கை ஒருநாளும் இழுத்ததில்லை.

ஆங்கிலக்காரர்கள் ஸ்ட்ரைப் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படித்தான் துணி தைக்கிறார்களோ தெரியவில்லை. ரத்னபாயின் நோட்டில் துண்டுத் துணிகள் ஒட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேர் எழுதியிருக்கும். நூல் கனத்தில் ஓடினால் கீற்று. பென்சில் கனம் என்றால் கோடு. இரண்டு விரல் அகலம் வந்துவிட்டால் பட்டை. முண்டின் ஓரத்தில் கிடந்தால் கரை. கையைச் சுற்றி வந்தால் வரி. இதில் ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டுப் போய், பிறகு வந்து சண்டை போட்டவர்களுக்கு அந்த நோட்டைத்தான் திறந்து காட்டுவாள்.

இந்த வருஷம் மாதா கோயில் பேண்ட் வாத்தியக்காரர்களுக்கு இருபத்திரண்டு நீலக் கோட்டு தைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. கிடைத்தது என்ன, போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு வருஷமாக நாகர்கோவிலில் ஒரு மாஸ்டர்தான் அதைத் தைத்துவந்தார். பேண்ட்டை நடத்தும் செல்லசாமியிடம் அத்தனை பேர் முன்னாலும் நின்று சொன்னாள்: "ஒரு தப்பு வந்தா இனி பேண்ட் கோட்டுக்க பேச்சே நான் எடுக்க மாட்டேன், கேட்டியளா." அவள் சொன்ன சொல் சாயங்காலத்துக்குள் சுற்றுவட்டாரப் பேண்ட்டுக்காரர்கள் எல்லார் காதுக்கும் போய்விட்டது.

கோட்டுகளை வெட்டி வைத்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக இரண்டு நாள் மார்த்தாண்டம் போனாள். பஸ்ஸில் இருந்து லேகாவைக் கூப்பிட்டாள். "மக்கா, கோட்டுக் கையில தங்க நூல்ல ரெண்டு வரி போட்டிரு."

"எந்த ரெண்டு வரி, சேச்சி?"

பஸ் இரைச்சலில் பாதிதான் கேட்டது. "எதுன்னாலும் செல்லசாமி அண்ணன்கிட்ட கேளு" என்று வைத்துவிட்டாள்.

லேகா பொறுப்பான பெண். கேட்டாள். செல்லசாமி பேண்ட் பழகும் சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "எந்த வரியா? எல்லாக் கைக்கும் ஒரே மாதிரிதான். மேல ஒண்ணு, அதுக்குக் கீழ ஒண்ணு. மாதா திருநாளுக்காக்கும், பளிச்சுன்னு தெரியணும்."

இப்போது லேகாவின் பக்கம் நின்று பாருங்கள். அவள் படித்த மலையாளத்தில், துணியில் ஓடுகிற கோட்டுக்கு 'வர' என்று பேர். வரி என்றால் பாட்டில் வருவது. மாதா திருநாள், ரெண்டு வரி, மேலே ஒன்று, கீழே ஒன்று. பேண்ட்டுக்காரர்கள் வருஷா வருஷம் வாசிக்கிற மாதா பாட்டின் முதல் இரண்டு வரிகளைக் கோயில் பாட்டுப் புத்தகத்தில் பார்த்து மெஷினில் அடித்து, நாற்பத்து நாலு கையிலும் தங்க நூலில் மலையாள எழுத்தாக ஓட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ரத்னபாய் கடைக்கு வந்து முதல் கையைத் தூக்கிப் பார்த்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பவனி. பிரித்தால் துணி முழுக்க ஊசி ஓட்டை தெரியும். அதே நீலத்தில் ஒரு முழம் கூட மிச்சமில்லை.

லேகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மேல லேஸ் வச்சுத் தைச்சிடலாம் சேச்சி. ஆரும் அறிய மாட்டாங்க."

ரத்னபாய் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு எழுத்தாவது கோணலா? இல்லை. ஒரு இடத்திலாவது நூல் இழுத்திருக்கிறதா? அதுவும் இல்லை. "எனக்க கடையில தைச்சதை நானே மூடி வைக்கணும்னா, பொறவு கடை எதுக்கு? கண்ணைத் துடை. கையைக் கோட்டோட மூட்டு" என்றாள்.

மத்தியானம் ஒரு கோட்டோடு கோயில் மைதானத்துக்குப் போனாள். டிரம்பெட் ஊதும் அஜேஷிடம் அதைப் போடச் சொல்லி, தூரத்தில் கொடிமரத்தடியில் நிறுத்தினாள்.

"பாருங்க அண்ணா" என்றாள் செல்லசாமியிடம்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ரெண்டு வரியும் பளிச்சுன்னு உண்டு. நல்லாத்தான இருக்கு."

"கிட்டப் போய் வாசிங்க."

"கோட்டை வாசிக்கவா?"

போனார். கண்ணாடியை மாட்டினார். வாசித்தார். முகம் சிவந்துபோயிற்று. "நான் கேட்டது வரியாக்கும். நீ பாட்டையில்லா எழுதி வச்சிருக்க."

"அதுவும் வரிதான். ஆனா தப்பு எங்க கடைக்கத் தப்பு. வேண்டாம்னா நாளைக்குள்ள மேல லேஸ் வச்சுத் தாறேன். பொறவு எந்த பேண்ட்டுக்கும் நான் தைக்க மாட்டேன். சொன்னது சொன்னதுதான்."

குரல் அசையவில்லை. ஆனால் அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

அஜேஷ் தன் கையை மடக்கி வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். "ஆசானே, நம்ம ஊதுற பாட்டுக்கு வார்த்தையும் உண்டா?"

மற்றவர்களும் கூடிவிட்டார்கள். ஆறேழு வருஷமாக ஊதுகிறவர்கள், கொட்டு அடிக்கிறவர்கள். முதல் வரி நாலைந்து பேருக்குத் தெரிந்திருந்தது, அது மாதாவைப் புகழ்கிற வரி. இரண்டாவது வரி யாருக்கும் தெரியவில்லை. கரை சேருகிற வரைக்கும் எங்களைக் கைவிட்டுவிடாதே அம்மா என்பது அது. அந்த இடத்தில்தான் அவர்கள் கொட்டுச் சத்தத்தை ஏற்றி, பட்டாசு மாதிரி வெடிப்பார்கள்.

செல்லசாமி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவர் அவர்.

"எலே, எடுத்து ஊதுங்க. ரெண்டாவது வரியில கொட்டு வேண்டாம். மெதுவா வரணும். அது கெஞ்சுற இடமாக்கும்" என்றார். பிறகு ரத்னபாயின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "லேஸ் ஒண்ணும் வேண்டாம். மீதி இருபத்தொண்ணையும் நாளைக்குக் கொண்டு வா."

ஞாயிற்றுக்கிழமை பவனியில் இருபத்திரண்டு நீலக் கோட்டும் வெயிலில் மின்னிக்கொண்டு வந்தன. இரண்டாவது வரி வந்தபோது கொட்டு நின்றது, டிரம்பெட் மட்டும் தணிந்து ஒலித்தது. சப்பரத்துக்குப் பின்னால் வந்த பெண்களில் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். லேகா அழுதாள். ரத்னபாயும் அழுதாள், அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே போன் அடித்தது.

"நான் குளத்தூர்ல இருந்து பயஸ். எங்க பேண்ட்டுக்கும் கோட்டு தைக்கணும். கையில ரெண்டு வரி வேணும்."

ரத்னபாய் பென்சிலை எடுத்தாள்.

"பாட்டைச் சொல்லுங்க" என்றாள்.